அந்தக் கோப்பில் தையற்காரரின் பெயர் இருக்கிறதா? – தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கும் உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும் வணக்கம்.

என் தாத்தா ஆலைத் தொழிலாளி, தொழிற்சங்கத்துக்காரர். 1949-இல் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டபோது தலைமறைவானார். எட்டு மாதம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு, 1950-இல் ஓர் இரவு பாட்டியையும் பிள்ளைகளையும் பார்க்க வீட்டுக்கு வந்தார். விடிவதற்குள் போலீஸ் வந்து கதவைத் தட்டியது. அவர் வந்தது வீட்டில் இருந்தவர்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அந்த யாரோ, எதிர்வீட்டுத் தையற்காரர்தான் என்று பாட்டி முடிவுகட்டிவிட்டார். ஆதாரம் என்று கேட்டால் ஒன்றே ஒன்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே மஃப்டியில் ஓர் ஆள் தையற்கடைத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தான். தைக்கக் கொடுக்க அவனிடம் துணி எதுவும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு 33 ஆண்டுகள், அந்த மனிதர் சாகும்வரை, எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் அவரோடு ஒரு சொல் பேசவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. 1983-இல் அவர் இறந்தபோது எங்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எதிரெதிர் வாசல், இடையில் ஒரு மாட்டுவண்டி போகும் அகலம்தான்.

அன்று எட்டு வயதுச் சிறுமியாக இருந்த என் அத்தை இன்னும் இருக்கிறார். தீபாவளிக்குத் தனக்குப் பாவாடை தைத்துக்கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த அந்தத் தையற்காரரை அவரால் காட்டிக்கொடுப்பவராக நினைக்க முடியவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

இந்தக் கேள்விக்கான விடை எங்கோ ஒரு பழுப்பேறிய காகிதத்தில் இருந்திருக்க வேண்டும். ரகசியப் போலீஸ் எழுதாமல் இருப்பதில்லை. யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது, எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று எல்லாவற்றையும் எழுதிவைப்பதுதான் அதன் தொழில். தன் ஆட்சியில் வேவு பார்க்கப்பட்டவர்களைப் பற்றிய பழைய கோப்புகளை, அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் காட்டுவதற்குத் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் இயற்ற வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இப்படிச் செய்தால் நாடு தாங்காது என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். 1990-இல் ஜெர்மனியிலும் அதையேதான் சொன்னார்கள். கிழக்கு ஜெர்மனியின் அரசுப் பாதுகாப்பு அமைச்சகமான ஸ்டாசி 1950 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. எரிக் மீல்கே என்ற ஒரே மனிதர் 1957 முதல் 1989 வரை அதன் அமைச்சராக இருந்தார். ஒன்றரைக் கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தொகைக்கு, முழுநேர ஊழியர்கள் மட்டும் சுமார் 91,000 பேர். அவர்களுக்குத் தகவல் கொடுத்தவர்கள் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். தபாலில் வரும் கடிதங்களை நீராவியில் காட்டிப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்பினார்கள். விசாரணைக்கு வந்தவர் உட்கார்ந்த நாற்காலியில் துணியை வைத்து அவருடைய வாசனையை எடுத்து, மோப்ப நாய்க்காகக் கண்ணாடிச் சாடியில் மூடிவைத்தார்கள். இத்தனைக்கும் மேலே காகிதம். அவர்கள் விட்டுச்சென்ற ஆவணங்களை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளும். சென்னையில் தொடங்கினால் திண்டிவனத்தை நெருங்கிவிடும்.

1989 இறுதியில் ஆட்சி ஆட்டம் கண்டதும் கோப்புகளை அழிக்கத் தொடங்கினார்கள். டிசம்பர் 4 அன்று எர்ஃபுர்ட் நகரத்துப் பெண்கள் சிலர் முதலில் போய் ஸ்டாசி அலுவலக வாசலில் நின்றார்கள். மற்ற ஊர்களும் தொடர்ந்தன. 1990 ஜனவரி 15 அன்று பெர்லின் தலைமையகத்துக்குள் மக்கள் நுழைந்தார்கள். அதற்குள் கையாலேயே கிழித்து மூட்டைகட்டப்பட்டவை சுமார் 16,000 சாக்குகள். அந்தத் துண்டுகளைப் பின்னாளில் மனிதர்கள் மேசையில் பரப்பி, ஓரத்துக்கு ஓரம் பொருத்தி, ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மானிய அரசியல்வாதிகள் பலருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, மூடிவைத்துவிடவே விரும்பினார்கள். செப்டம்பரில் போராளிகள் மறுபடியும் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து உண்ணாவிரதம் இருந்துதான் கோப்புகளைக் காப்பாற்றினார்கள். 1991 டிசம்பரில் சட்டம் வந்தது. 1992 ஜனவரி முதல், தன்னைப் பற்றி எழுதப்பட்டதைக் கேட்டவர் வாசிக்கலாம் என்றானது. கோப்பில் வரும் மூன்றாம் மனிதர்களின் அந்தரங்கம் மறைக்கப்படும்; தகவல் கொடுத்தவரின் உண்மைப் பெயரைக் கேட்டால் சொல்வார்கள். இதுவரை 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் போயிருக்கின்றன.

கொலை விழும், தெருவுக்குத் தெரு பழிவாங்குவார்கள் என்று அஞ்சினார்கள். அப்படி ஓர் அலை எழவில்லை. வலி இருந்தது, அதை மறைக்கமாட்டேன். எதிர்ப்பியக்கத்தில் இருந்த வேரா வோலன்பெர்கர் தன் வீட்டுச் செய்திகளையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தது தன் கணவர்தான் என்று அறிந்தார். கோப்பில் அந்தக் கணவருக்கு 'டொனால்ட்' என்று பெயர். இதைவிடக் கொடுமையாக ஒன்றைத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் இதன் மறுபக்கத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஆண்டுக்கணக்கில் சந்தேகித்த நண்பன் ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்பதையும் அதே கோப்புகளில்தான் மனிதர்கள் கண்டார்கள். அதுமட்டுமல்ல, அந்தச் சந்தேகத்தை விதைத்ததே ஸ்டாசி என்பதையும் கண்டார்கள். ஒரு குழுவுக்குள் ஒருவர்மேல் ஒருவருக்கு அவநம்பிக்கை வரச் செய்வது எப்படி, நல்ல பெயரைக் குலைப்பது எப்படி என்று 1976-இல் அது விதிமுறையாகவே எழுதிவைத்திருந்தது. குற்றமற்ற ஒருவரை 'இவன் போலீஸ் ஆள்' என்று அவருடைய நண்பர்களே நம்பும்படி செய்துவிட்டால், கைதுசெய்யாமலேயே காரியம் முடிந்துவிடும்.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தத் திண்ணை நினைவாகவே இருக்கிறது. துணி இல்லாமல் வந்து உட்கார்ந்த ஆள், எல்லோர் கண்ணிலும் படும்படி ஏன் அங்கே உட்கார்ந்தான்? உண்மையிலேயே தையற்காரர் அவனுடைய ஆளாக இருந்திருந்தால் இருட்டிய பிறகு கொல்லைப்புறமாக வந்திருக்கமாட்டானா?

நம் ஊரிலும் ஒற்றர்கள் எழுதிய காகிதம் ஏராளம். சென்னை மாகாண சி.ஐ.டி. 1906-இல் அமைக்கப்பட்டது. அதற்கு இரண்டே ஆண்டுகளில் பாரதியார் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு அரவிந்தர், வ.வே.சு. ஐயர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட அந்தச் சின்ன ஊருக்குள் பிரிட்டிஷ் உளவாளிகள் குவிந்தார்கள். வேவு பார்ப்பதோடும் அவர்கள் நிற்கவில்லை. ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு நாள் நீர் இறைத்தபோது ஒரு பாத்திரம் வாளியோடு வந்தது. உள்ளே ராஜதுரோகக் காகிதங்கள். போலீஸ் சோதனையில் அகப்படட்டும் என்று உளவாளி போட்டுவிட்டுப் போனவை. நீங்களே போய்ப் பிரெஞ்சுப் போலீஸிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்று ஐயருக்கு யோசனை சொல்லப்பட்டது. அப்படியே செய்தார்கள். அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த பிரெஞ்சு நீதிபதி, மேசையில் கிரேக்கமும் லத்தீனும் கிடப்பதைப் பார்த்து மரியாதையோடு திரும்பிப் போனார். ஒரு வேலைக்காரப் பெண் அந்த வாளியைக் கவனிக்காமல் விட்டிருந்தால் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி ஒருவரின் வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கும்.

இந்தக் காலத்தை நாம் இவ்வளவு துல்லியமாக அறிந்திருப்பதற்கு ஒரு காரணம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் காலத்து ரகசியக் கோப்புகளை ஆய்வாளர்கள் கேட்டு வாங்கிப் படிக்க முடிவது. அயலான் நம்மை வேவு பார்த்ததை நாம் படிக்கலாம். நம் அரசு நம்மை வேவு பார்த்ததைப் படிக்க வழி இல்லை. 1947 ஆகஸ்ட் 15 ஒரு பூட்டின் தேதியாகவும் ஆகிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பூட்டுக்கு அப்பால் எவ்வளவோ இருக்கின்றன. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைச் சிறைவரை கொண்டுவந்த தகவல்கள் எங்கிருந்து வந்தவை? 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு மிசாவில் பிடிக்கப்பட்டவர்களைச் சென்னைச் சிறையில் அடித்தது பற்றி நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அவர்களைப் பிடிப்பதற்கான பட்டியல் யார் கையில், யார் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது? நம் சட்டமன்றத்தில் இடதும் வலதுமாக உட்காரும் கட்சிகளில், தன் முன்னோடிகளுக்குப் பின்னால் ஒரு மஃப்டி ஆள் நடக்காத கட்சி எது?

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு 20 ஆண்டுகள் கடந்த செய்திகளைப் பெரும்பாலும் தரச் சொல்கிறது. ஆனால் 24-ஆம் பிரிவு உளவு அமைப்புகளை அந்தச் சட்டத்துக்கே வெளியே நிறுத்திவிடுகிறது. மாநிலங்களும் தங்கள் உளவுப் பிரிவுகளை அப்படி நிறுத்திக்கொள்ளலாம்; தமிழ்நாடும் நிறுத்தியிருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. என் தாத்தா வீட்டுக்கு வந்த இரவை யார் சொன்னது என்ற கேள்வி அதற்குள் அடங்காது.

மாநில அரசு நினைத்தால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2015 செப்டம்பர் 18 அன்று மேற்கு வங்க அரசு, தன் போலீஸிடம் இருந்த நேதாஜி தொடர்பான 64 கோப்புகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் அவருடைய குடும்பத்தினரைக் கண்காணித்தார்கள், கடிதங்களைப் பிரித்துப் படித்தார்கள் என்பதற்கு அவை சான்று. வங்கம் எதுவும் இடிந்து விழவில்லை. தலைவரின் குடும்பத்துக்கு ஒரு முறை செய்ததை ஆலைத் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சட்டமாகச் செய்யுங்கள் என்கிறேன்.

எரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கிரேக்கம் அதைச் செய்தது. உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து இடதுசாரிகள்மேல் அங்கே கோப்பு போட்டார்கள்; அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் 'இவன் கொள்கை சரியானது' என்று போலீஸ் சான்றிதழ் தர வேண்டியிருந்தது. 1989 ஆகஸ்டில், வலதும் இடதும் சேர்ந்து அமைத்த அரசு, தேசிய ஒற்றுமைக்காக என்று சொல்லி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கோப்புகளை இரும்பாலை உலையில் போட்டது. வரலாற்றாசிரியர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்; உலை காத்திருக்கவில்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் தன் வேலை ஏன் போனது என்று ஒருவர் காகிதத்தில் பார்க்கும் வாய்ப்பு அந்தப் புகையோடு போயிற்று. என் பெரியப்பாவுக்குக் கிடைத்த வேலை ஒன்று போலீஸ் சரிபார்ப்போடு நின்றுபோனது; கடிதத்தில் காரணம் எழுதவில்லை. அவர் கடைசிவரை அந்தக் கடிதத்தை வைத்திருந்தார்.

மறந்துபோன காகிதம் என்று எதையும் தள்ள முடியாது என்பதற்குக் குவாத்தமாலா இருக்கிறது. 2005-இல் அந்நாட்டுத் தலைநகரில் எலியும் ஈரமும் தின்றுகொண்டிருந்த தேசியப் போலீஸ் ஆவணக் கிடங்கு ஒன்று தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் எட்டுக் கோடிப் பக்கங்கள். 1984-இல் காணாமல் ஆக்கப்பட்ட எட்கர் பெர்னாண்டோ கார்சியா என்ற தொழிற்சங்கத் தலைவரின் வழக்கில், அந்தப் பக்கங்களைச் சான்றாக வைத்து 2010-இல் இரண்டு முன்னாள் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது.

இன்றைய காவலரின் குறிப்பேட்டை நான் கேட்கவில்லை. குண்டு வைக்கத் திட்டமிடுபவனைப் பின்தொடர்பவர் ரகசியமாகத்தான் பின்தொடர வேண்டும். 40 ஆண்டுகள் தாண்டிய கோப்புகளைக் கேட்கிறேன். முதலில், இன்றிலிருந்து ஒரு பழைய கோப்பும் அழிக்கப்படக்கூடாது என்று ஓர் ஆணை வேண்டும். மாவட்ட அலுவலகங்களில் எடைக்குப் போடும் காகிதத்தோடு இவையும் போய்விடலாம் என்பதுதான் என் பெரிய அச்சம். அடுத்து, அவற்றைக் காவல்துறையிடமிருந்து எடுத்து ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் வைக்க வேண்டும். எழுதியவர்களே காவலாளியாகவும் இருப்பது சரியல்ல. எழுதப்பட்டவரோ அவர் வாரிசோ கேட்டால் காட்ட வேண்டும்; தகவல் கொடுத்தவரின் பெயரோடு காட்ட வேண்டும்.

பெயர் சொல்வதுதான் உங்களுக்குத் தயக்கமாக இருக்கும் என்று அறிவேன். சொன்னவரின் பேரப்பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெயரை மறைப்பதால் சொன்னவரின் குடும்பம் மட்டுமா காக்கப்படுகிறது? சொல்லாதவரின் குடும்பம் அந்தப் பழியைச் சுமக்கிறது. எங்கள் தெருவில் 33 ஆண்டுகள் சுமந்தது. ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்று வள்ளுவர் அரசனுக்கே சொல்லியிருக்கிறார். அரசனுக்குத் தேவைப்பட்ட அந்தச் சரிபார்ப்பு எங்கள் பாட்டிக்குக் கிடைக்கவில்லை. ஒரு திண்ணையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

தையற்காரரின் மகளுக்கும் இப்போது வயதாகிவிட்டது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவரை அத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "போய்ப் பேசுங்களேன் அத்தை" என்றேன். "என்னவென்று பேசுவது? மன்னித்துவிட்டேன் என்றா, மன்னித்துவிடு என்றா?" என்று கேட்டார். அத்தைக்கு 84 வயது. சட்டம் இயற்ற எத்தனை கூட்டத்தொடர் ஆகும் என்று தயவுசெய்து எழுதுங்கள். அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆலைத் தொழிலாளியின் பேரன்