பயிருக்குக் கேட்ட துப்பாக்கிக்கு என் பகையாளியைத் தேடாதீர்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கேட்டு நான் கொடுத்த மனு நிராகரிக்கப்பட்டதாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்து சேர்ந்தது. அதில் சொல்லியிருக்கும் காரணம் ஒரே வரி: காவல்துறை அறிக்கையின்படி மனுதாரருக்கு எவராலும் அச்சுறுத்தல் இல்லை.

உண்மைதான். எனக்கு யாரோடும் பகை இல்லை. இருப்பதாக மனுவில் நான் எங்கும் எழுதவும் இல்லை. ஏ-1 படிவத்தில் உரிமம் எதற்கு என்று கேட்ட இடத்தில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்றுதான் எழுதினேன். பட்டா, அடங்கல் நகல்களையும் அதற்காகத்தான் சேர்த்துக் கொடுத்தேன். கேட்டதும் ரைபிளோ பிஸ்டலோ அல்ல. குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி, உங்கள் பதிவேட்டு மொழியில் எஸ்.பி.எம்.எல்.

காட்டுப்பன்றித் தொல்லை தாங்கள் அறியாததல்ல. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதைப் பேசாமல் யாரும் எழுந்து போவதில்லை. அதனால் அதை மறுபடி விளக்கப் போவதில்லை. என் மனு எப்படி விசாரிக்கப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

விசாரணைக்கு வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து அழைத்தார்கள். போனேன். "நிலத் தகராறு இருக்காம்மா? பங்காளிங்க யாராவது மிரட்டுறாங்களா?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். இல்லைங்க ஐயா என்றேன். "அப்புறம் எதுக்கும்மா உங்களுக்குத் துப்பாக்கி?" பன்றி விரட்ட என்றேன். "வீட்ல ஆம்பளைங்க பேர்ல கேட்டிருக்கலாமே?" என்றார். பட்டா என் பெயரில் இருக்கிறது, உழுவதும் விதைப்பதும் நான், அதனால் என் பெயரில் கேட்டேன் என்று சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்னிடம் கேட்டுவிட்டு அவர் எழுதிய அறிக்கையில் பன்றி என்ற சொல்லே இல்லை. அவரும் தோட்டத்துக்கு வரவில்லை, வேறு யாரும் வரவில்லை.

வந்திருந்தால் பார்த்திருக்கலாம். வரப்பைச் சுற்றிக் குச்சி நட்டுப் பழைய சேலைகளைக் கட்டியிருக்கிறோம். முதல் சில நாள் பன்றிகள் நிறத்துக்கு மிரண்டன. பிறகு சேலைக்கு அடியில் மூக்கைக் கொடுத்துத் தூக்கிவிட்டு நுழையப் பழகிவிட்டன. கடலைக்காட்டில் ஒரு கூட்டம் இறங்கிவிட்டுப் போன இடம் ஏர் ஓட்டியதுபோலப் புரண்டு கிடக்கும். செடி வேரோடு மல்லாந்திருக்கும், இலை வாடாமல் இருக்கும், காய் மட்டும் இருக்காது. மக்காச்சோளத்தில் தட்டையைச் சாய்த்து ஒரு கதிரில் ஒரு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அறுவடை நெருங்கும் நாட்களில் பரண் மேல் டார்ச்சோடும் தகர டப்பாவோடும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். தகரச் சத்தத்துக்கு அவை இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை.

அய்யா, துப்பாக்கி கிடைத்துவிட்டால் பன்றியைச் சுட்டுவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் அதைச் சுடக்கூடாது என்பது எனக்குத் தெரியும். குண்டு போடாமல் மருந்தை மட்டும் கெட்டித்து ஒரு வெடி வெடித்தால் கூட்டம் கலைந்து ஓடும். எனக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பதைத் தனியாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 14ஆம் பிரிவில் உள்ள தடைகள் எதுவும் இல்லையென்றால் உரிமம் வழங்க வேண்டும் என்பதே அதன் போக்கு. அந்தப் பிரிவை எழுதியவர்கள் விவசாயிக்குப் பகையாளி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் காவல்துறை அறிக்கைக்கு 30 நாளும், அறிக்கை வந்தபின் தங்கள் முடிவுக்கு 60 நாளும் கெடு வைத்திருக்கின்றன. என் மனு அந்தக் கெடுவையெல்லாம் தாண்டிக் கிடந்தது. கேட்கப்போன போதெல்லாம் 'ஃபைல் மேலே இருக்கிறது' என்பதே பதில். தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி ஃபைலை மூடியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பயிர்ப் பாதுகாப்பு மனுவைப் பயிர்ப் பாதுகாப்பு மனுவாகவே விசாரியுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

துப்பாக்கி சாதாரணப் பொருள் அல்ல, கண்டவர் கையில் கொடுத்துவிடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. என் மேல் வழக்கு உண்டா என்று பாருங்கள். டாக்டர் சான்று கேட்டீர்கள், கொடுத்தேன். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கு எஸ்-1 சான்று வேண்டும் என்றீர்கள், அதுவும் நியாயம். ஆனால் அந்தப் பயிற்சியை எங்கே, யாரிடம் பெறுவது என்று சொல்ல உங்கள் அலுவலகத்தில் ஒருவருமில்லை. ஒரு பிரிவில் கேட்டால் ஸ்டேஷனைக் கை காட்டினார்கள், ஸ்டேஷனில் திரும்ப உங்கள் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர்களின் பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட என்ன செலவாகிவிடும்?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நள்ளிரவில் மெயின் லைனிலிருந்து கொக்கி போட்டு வேலியில் கரண்ட் விடுகிறவர் யாரிடமும் மனு கொடுப்பதில்லை. அந்தக் கம்பியில் பன்றி சாகிறது, யானை சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் காட்டுக்காரரும் சாகிறார். பிறகு எச்சரிக்கை அறிக்கை வருகிறது, வழக்கு வருகிறது. நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு எந்தப் படிவமும் தெரியாது. சட்டப்படி வருகிறேன், என் கைரேகையை எடுத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கியின் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லுங்கள், ஒப்படைக்கிறேன் என்று வந்து நிற்பவளைத்தான் உங்கள் அலுவலகம் திருப்பி அனுப்புகிறது. எனக்கு இது ஆத்திரமாக இருக்கிறது, மறைக்கவில்லை.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளவும். மேல்முறையீட்டுக்கு ஆயுதச் சட்டத்தில் 18ஆம் பிரிவு இருக்கிறது என்று சொல்வீர்கள். அதற்குப் போக வக்கீலும் நேரமும் வேண்டும், பயிர் அதுவரை காத்திருக்காது. அதனால் தங்களிடமே பணிவோடு கேட்கிறேன். என் மனுவை மறுபடி எடுத்து, நான் எழுதிய காரணத்தை வைத்து விசாரிக்க உத்தரவிடுங்கள். காவல்துறையிடம் 'அச்சுறுத்தல் உண்டா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'நிலம் இவருடையதா, பயிர் சேதம் உண்டா' என்றும் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரையும் வனக்காப்பாளரையும் ஒரு முறை தோட்டத்துக்கு அனுப்புங்கள். பார்த்த பிறகும் கொடுக்க முடியாது என்றால், பயிரைப் பற்றிய காரணத்தை எழுத்தில் தாருங்கள்.

அடுத்த கடலை விதைப்புக்கு முன் அவர்கள் வரும்படி தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள். இரவில் வந்தால் இன்னும் நல்லது. எந்த இரவானாலும் பரணில் நாங்கள் விழித்துத்தான் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்து விவசாயி ஒருத்தி