கொழுக்கட்டைத் தெரு

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் என்றால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கடிதம்.

சீனாவில் நீ இருக்கிற செங்டுவில் ‘ஜியாவ்ஸி’ என்று ஒரு பெரிய சாலை இருக்கிறது, கொழுக்கட்டை பேரையா ரோட்டுக்கு வைப்பார்கள் என்று சிரித்தாயே, அது கொழுக்கட்டை இல்லையம்மா. சீனத்தில் ரெண்டு பேருக்கும் சத்தம்தான் கிட்டத்தட்ட ஒன்று, எழுத்து வேறு. உலகத்தில் முதன்முதலாகப் புழங்கிய காகிதப் பணத்தின் பேர் அது. நீ இருக்கிற ஊரில்தான் பிறந்தது. முப்பத்து நாலு வருஷம் கேஷ் கவுண்டரில் நோட்டு எண்ணியவன் இதைக் கேட்டுச் சும்மா இருப்பேனா?

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், சோங் வம்சத்துக் காலத்தில், உன் ஊர் இருக்கிற சிச்சுவான் பக்கத்தில் செப்புக் காசு புழங்கக் கூடாது, இரும்புக் காசுதான். ஒரு சுருள் பட்டு வாங்க 20,000 சின்னக் காசு. அதன் எடை 130 ஜின், நம் கணக்கில் ஏறக்குறைய 80 கிலோ! துணி எடுக்க வண்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். காசைக் கடையில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். போகப்போகச் சீட்டே கைமாறியது. 16 பணக்காரக் குடும்பங்கள் சேர்ந்து அதை நடத்தின.

பிறகு நடந்தது நம்மூர்ச் சீட்டுக் கம்பெனி கதை. ஜனங்கள் கொடுத்த காசில் வீடும் நிலமும் வாங்கினார்கள், சீட்டை நீட்டினவனுக்குக் கொடுக்கக் காசில்லை. 1024ல் அரசாங்கமே நோட்டுப் போட்டது. எனக்குப் பிடித்தது அந்தக் கணக்குத்தான். ஒரு தவணைக்கு 12,56,340 கோவைக்கு மேல் அச்சடிக்கக் கூடாது. (கோவை என்றால் கயிற்றில் கோத்த ஆயிரம் காசு.) அதற்கு 3,60,000 கோவை இரும்புக் காசு கையிருப்பு. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கிக்கொள்ள வேண்டும், கோவைக்கு 30 காசு கூலி. எங்கள் பழைய ஹெட் கேஷியர் பார்த்திருந்தால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார்.

யுத்தச் செலவு வந்ததும் அந்தக் கணக்கெல்லாம் காற்றில் போயிற்று, இஷ்டத்துக்கு நோட்டு அடித்தார்கள். பிறகு சீனாவை ஆண்ட மங்கோலியரும் கடைசியில் அதையேதான் செய்தார்கள். 1375ல் மிங் அரசு போட்ட நோட்டு ஒரு அடிக்கு மேல் நீளம் (எந்த டிராயரில் வைப்பது!). கள்ள நோட்டு அடித்தால் தலை போகும் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. நோட்டைக் கொடுத்தால் பதிலுக்கு வெள்ளி தருவோம் என்ற பேச்சு மட்டும் கிடையாது. ஜனங்கள் பேசாமல் வெள்ளிக்குப் போய்விட்டார்கள். பின்னால் அரசாங்கமே வரியை வெள்ளியில் வாங்கியது. 1948 ஆகஸ்டில் பழைய நோட்டு 30 லட்சத்துக்கு ஒரு ‘தங்க யுவான்’ என்றார்கள். கையிலிருந்த தங்கம், வெள்ளியையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை அந்தப் பணம்.

2016 நவம்பரில் ஒரு பாட்டி சுருக்குப்பையிலிருந்து நாலு ஐநூறு ரூபாய் எடுத்து வைத்து, “செல்லாதுன்னு யாரு தம்பி சொன்னா?” என்று கேட்டாள். பதில் தெரியும், வாய்தான் வரவில்லை.

மூணு மாசமாக நோட்டையே தொடவில்லை, கீரைக்காரிகூட போனைத்தான் நீட்டச் சொல்கிறாள் என்கிறாய். இருக்கட்டும். பர்ஸில் ஒரு இருநூறு யுவான் ரொக்கமாக வைத்துக்கொள், போன் சார்ஜ் இறங்கினால் பஸ்ஸுக்கு ஆகும். அந்தச் சாலைக் கடையில் யாராவது சில்லறை கொடுத்தால் கசங்காத ஒரு யுவான் நோட்டு எனக்கு எடுத்து வை. ஆல்பத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா