கார் போகிறது, பேயைக் காணோம்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. வீட்டில் வெள்ளையடிப்பு, அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், இரண்டும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததில் பதில் எழுத உட்கார முடியவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், டிவி சீரியலில் யார் என்ன கலர் சேலை கட்டியிருக்கிறார்கள் என்று எங்களுக்கே சொல்கிற அளவுக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'தி ஷைனிங்' பார்க்க ஆரம்பித்து, "கார் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, பேயைக் காணோம்" என்று நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாயே, அதுவும் ரயிலில், செல்போனில், அதன் ஸ்பீக்கரிலேயே கேட்டுக்கொண்டு. உன்னைத் திட்டுவதற்காகவே இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்.

அந்தக் கார் போகிற காட்சியில்தானடா எல்லாமே இருக்கிறது. 1980-இல் வந்த படம். முதலில் ஓர் ஏரி, அதில் ஒரு குட்டித் தீவு, சுற்றிலும் மலை, நல்ல பகல் வெளிச்சம். அப்படியே காலண்டரில் போடலாம். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவில் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது. ஆனால் கேமரா தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வருகிற விதத்தைப் பார், அந்த உயரத்திலிருந்து அந்த வேகத்தில் மனுஷன் எவனும் எதையும் பார்ப்பதில்லை. கீழே மலைப்பாதையில் ஒரு மஞ்சள் ஃபோக்ஸ்வேகன். கேமரா பின்னாலேயே போகிறது, நெருங்குகிறது, காரைப் பிடித்துவிடும் என்று நினைக்கும்போது அதைத் தாண்டிப் பள்ளத்தின் மேல் போய்விடுகிறது. யார் அது, எதற்கு வந்தது, ஏன் விட்டுவிட்டுப் போனது? படத்தை எடுத்த ஸ்டான்லி குப்ரிக் காரை ஓட்டுகிறவனின் முகத்தைக்கூட இன்னும் காட்டவில்லை.

அதற்கு வெண்டி கார்லோஸும் ரேச்சல் எல்கைண்டும் போட்ட இசை. கத்தோலிக்கர்கள் இறந்தவர்களுக்கான பூசையில் பாடிவந்த 'தியேஸ் ஈரே' என்ற பழைய லத்தீன் பாட்டின் மெட்டு, சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தில், அடித்தொண்டையில், அவசரமே இல்லாமல். அதற்கு மேலே அவ்வப்போது மனுஷக் குரலா பறவையா என்று பிரித்துச் சொல்ல முடியாத கீச்சொலிகள். அந்தக் கீழ்ஸ்தாயியெல்லாம் செல்போன் ஸ்பீக்கரில் வரவே வராது. கண்ணுக்குப் பிக்னிக், காதுக்கு இழவு வீடு என்று அவர்கள் போட்டு வைத்திருக்க, உனக்குக் கிடைத்தது பிக்னிக் மட்டும்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், நல்ல பேய்ப்படங்கள் ஆரம்பத்திலேயே நம் கண்ணுக்கும் காதுக்கும் சண்டை மூட்டிவிடுகின்றன. எதை நம்புவது என்று தெரியாமல் நாம் முழிக்கிறபோதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பேய் அப்புறம் சாவகாசமாக வரலாம்.

இதில் இத்தாலிய டைரக்டர் தாரியோ அர்ஜெண்டோ பெரிய கைகாரர். அவருடைய 'சஸ்பிரியா' (1977) ஆரம்பத்தில் ஒரு பெண் மியூனிக் விமான நிலையத்தில் வந்து இறங்கி வெளியே போக நடக்கிறாள், எதிரே தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவு. உள்ளே வழக்கமான விமான நிலையச் சத்தம்தான். முன்னால் போகிறவர்களுக்காகக் கதவு திறக்கிறது. காற்று, மழை, அதோடு கோப்ளின் குழுவின் இசை, மணி மணியாக, தாலாட்டு மாதிரி. கதவு மூடியதும் இசையும் பட்டென்று நின்றுவிடுகிறது. மறுபடி திறக்க, மறுபடி இசை. அதாவது பின்னணி இசை என்று நாம் நினைத்தது வெளியே மழையில் நிஜமாகவே எங்கோ காத்துக்கொண்டிருக்கிறது! அவள் வாசலைத் தாண்டுகிற நேரத்தில் அந்தக் கதவை நகர்த்தும் இயந்திரத்தை மட்டும் ஒரு நொடி நெருக்கத்தில் காட்டுகிறார். கதைக்கு அது தேவையே இல்லை, ஆனால் அந்த இரும்பு நகர்வதைப் பார்த்தால் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளத் தோன்றும். வெளியே வந்துவிட்டாள், இனி மூட கதவு கிடையாது. (அந்த இசையில் தபலாவும் உண்டு, கவனித்துக் கேள்.)

'ஹாலோவீன்' (1978) உனக்கு இன்னும் பிடிக்கும், நீ தாளக்காரன். இருட்டில் முகம் மாதிரி குடைந்த ஒரு பூசணிக்காய், உள்ளே விளக்கு ஆடுகிறது, கேமரா மெதுவாக அதன் கண்ணுக்குள் போகிறது, அவ்வளவுதான் டைட்டில். பியானோ ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது. நீ பத்தாகப் பிரித்துத் தொடையில் போட்டுப் பார்: தகிட தகிட தக தக. நாலுக்குப் பழகிய கால் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கும். படத்தை எடுத்த ஜான் கார்பென்டரே இசையும் போட்டார், அவருக்கு அந்த ஐந்தைச் சின்ன வயதில் போங்கோ மேளத்தில் சொல்லிக்கொடுத்தது அவர் அப்பா. இசை சேர்க்காமல் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது அந்த அம்மாவுக்குப் பயமே வரவில்லையாம், இசையால்தான் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்புறம்தான் கார்பென்டர் உட்கார்ந்திருக்கிறார். டைட்டில் முடிந்ததும் வருகிற காட்சியில் நாமே ஒருவனின் கண்ணாகி ஒரு வீட்டைச் சுற்றி வந்து, சமையலறைக்குள் போய், கத்தியை எடுத்து மாடி ஏறுகிறோம். நடுவில் அவன் முகமூடி மாட்டிக்கொள்ள, திரையில் இரண்டு ஓட்டைகள் மட்டும் மிஞ்சும், காதுக்குள் மூச்சுச் சத்தம். யாருடைய மூச்சு என்று கடைசியில் தெரியவரும், அதை நான் சொல்ல மாட்டேன்.

'தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்' (1974) பற்றி ஒரே வரி: இருட்டு, பளிச்சென்று ஒரு கேமரா ஃபிளாஷ், அது அணையும்போது ஒரு கிறீச்சொலி, அந்த வெளிச்சத்தில் என்ன தெரிகிறது என்பதைச் சாப்பிடுவதற்கு முன் பார்க்காதே.

இப்போது வருகிற நிறையப் படங்களில் முதல் காட்சியிலேயே யாரையாவது கொன்று, டமால் என்று சத்தத்தை ஏற்றி, 'இருபது வருடங்களுக்குப் பிறகு' என்று எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். திடுக்கிடுவதைப் பயம் என்று கணக்கெழுதிக்கொள்கிறார்கள். குக்கர் விசில் அடித்தாலும்தான் நான் திடுக்கிடுகிறேன். முதல் காட்சியில் கொல்லக் கூடாது என்றும் சொல்லவில்லை, 'ஜாஸ்' அதைத்தான் செய்கிறது, ஆனால் சுறாவின் ஒரு செதிலைக்கூடக் காட்டாமல்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? 'தி எக்ஸார்சிஸ்ட்' எடுத்து வைத்திருக்கிறேன். அதன் ஆரம்பம் இராக்கில், கொளுத்துகிற வெயிலில், மண் தோண்டுகிற கடப்பாரைச் சத்தமும் கொல்லன் பட்டறைச் சம்மட்டிச் சத்தமுமாக. வரும்போது உன் பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் எடுத்து வந்துவிடு, என்னுடையதில் இடது பக்கம் கரகரக்கிறது. சுமதிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராஜா