மருமகளுக்கு, அந்தச் ‘சண்முகா’ பற்றி

அன்புள்ள மருமகளுக்கு,

போன வாரம் போனில் நீ, ‘அயித்தை, அந்தத் தில்லானா மோகனாம்பாள் படத்துல எல்லாரும் ஒரே ஓவர் ஆக்டிங், எப்படித்தான் உக்காந்து பாத்தீங்களோ’ என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன், ஆனால் மனசு கேட்கவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். நீ சலங்கை கட்டுகிறவள்.

அந்தப் படம் வந்தது 1968-இல். நான் பார்த்தது அதற்கு ரொம்பப் பின்னால், நம்ம வீட்டு வளவு முற்றத்தில், வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, விசேஷத்துக்கு வந்த கூட்டத்தோடு கூட்டமாக. ‘மறைந்திருந்து பார்க்கும்’ பாட்டு ஆரம்பித்ததுமே ஆச்சிமார் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள், எனக்கானால் ஒன்றும் புரியவில்லை. வீறாப்புப் பிடித்த நாதஸ்வரக்காரர் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று நாட்டியக்காரி மோகனாம்பாளின் ஆட்டத்தைப் பார்க்கிறார். அவளோ சபை நடுவே சாமியைக் கூப்பிடுகிற மாதிரியே மாலவா, வேலவா என்று அடுக்கிக்கொண்டு போய் ‘சண்முகா’ என்று நிறுத்துகிறாள். அவர் பெயர் சண்முகசுந்தரம்! சபைக்கு அது பக்தி, தூணுக்குப் பின்னால் நிற்கிறவருக்கு மட்டும் அது வேறு. நீங்கள் வகுப்பில் அபிநயம், முகபாவம் என்று படிக்கிறீர்களே, அதை அன்றைக்குப் பல்லுப்போன ஆச்சிமார் என்னைவிட முந்திப் பிடித்துக்கொண்டார்கள்.

‘நலந்தானா’வும் அதே வேலைதான். அவருக்குக் கத்திக் காயம், பக்கத்தில் போய் ஒரு வார்த்தை விசாரிக்க இவளுக்கு வழியில்லை, அதனால் ஊரே பார்க்க ஆடிக்கொண்டே விசாரிக்கிறாள். கண், புண், பெண் என்று வீட்டில் புழங்குகிற சொற்களை வைத்தே நம்ம சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் காரியத்தை முடித்துவிட்டார்.

சரி, சிவாஜி கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கன்னம் உப்புவதையும் விரல் ஓடுவதையும் பார். உண்மையில் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்று எனக்கும் தெரியும், தெரிந்து என்ன, படம் ஓடும்போது அது ஞாபகத்துக்கே வருவதில்லை. பத்மினியின் ஆட்டத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வைகாசியில் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம். ஸ்பீக்கரில் புதுப்பாட்டு அலறிக்கொண்டே இருந்ததால் மேளக்காரர்கள் முகப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வேளை, கரண்டு போனது. ஒரு ஆச்சி மெதுவாக நடந்து போய், ‘தம்பி, அந்த நலந்தானாவ வாசிங்க’ என்றார். அப்புறம் இலை போட்டாச்சு, இலை போட்டாச்சு என்று மூன்று தடவை வந்து கூப்பிட்டும் பட்டாலைக் கூடத்தில் ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. நம்ம ஊரில், பந்திக்கு! தவில் வாசித்த பையனுக்கு உன் வயசுதான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

கார்த்திகைக்கு வருகிறாய் இல்லையா, சேர்ந்து பார்ப்போம். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போ, கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்தச் ‘சண்முகா’ வரைக்கும் மட்டும் உட்கார்ந்திரு.

உன் அயித்தை,
காரைக்குடி