வேடர் மரபணுவும் ‘கலப்பில்லாத இனம்’ என்ற தலைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை வேடரின் மரபணு பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘கலப்பில்லாத ஆதி இனம்’ என்ற தலைப்பும் கூடவே வந்துவிடுகிறது. நான் அறிந்த வரை எந்த மரபணு ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை.

2024இல் வெளியான ஆய்வு, சிங்களவரோடும் தமிழரோடும் வேடருக்கு மரபணுக் கலப்பு குறைவு என்றது. குறைவு என்றதே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. இருளர், பணியர், சந்தால், ஜுவாங் ஆகிய இந்தியப் பழங்குடிகளோடு நெருக்கம் இருப்பதையும் காட்டியது. இந்த நான்கும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவைகூட அல்ல.

ஒவ்வொரு சமூகத்தின் மரபணுக் கூறுகளையும் நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கணினிப் படத்தில் வேடர் தனி நிறமாகத் தெரிவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. சில நூறு பேர் பல தலைமுறைகள் தமக்குள்ளேயே மணம் முடித்தால் எந்தச் சமூகமும் தனி நிறமாகத்தான் தெரியும். சிறிய சமூகத்தில் சில தாய்வழிகள் தற்செயலாகவே அற்றும் போகும். ஒருத்திக்கு ஐந்து பெண் பிள்ளைகள், அடுத்த வீட்டுக்காரிக்கு ஆண் பிள்ளைகள் மட்டும் என்றால், தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்குப் போகும் மைட்டோகாண்ட்ரியா மரபணு அந்த அடுத்த வீட்டில் அவளுடைய பிள்ளைகளோடு முடிந்துவிடும். 2014 ஆய்வில் தென்னாசியாவெங்கும் பரவிய ‘எம்’ என்ற மைட்டோகாண்ட்ரியாப் பிரிவு வேடரிடம் குறைவாக இருந்ததற்கு இதுவும் காரணமாகலாம். அதை வைத்து அவர்களின் பழமையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மேலும், பத்துத் தலைமுறைக்கு முந்திய 1,024 மூதாதையர் இடங்களில் மைட்டோகாண்ட்ரியா காட்டுவது ஒரேயொரு பெண்ணைத்தான்.

தவறு பெரும்பாலும் மாதிரி எடுக்கும் இடத்திலேயே தொடங்குகிறது. ஒரு தாயின் இரண்டு பிள்ளைகளிடமும் அந்தத் தாயின் அக்காள் பிள்ளையிடமும் இரத்தம் எடுத்தால், மாதிரி மூன்று, தாய்வழி ஒன்று. மரபணுப் பன்மை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். மச்சான், மச்சாள் கலியாணம் வழக்கமான சிற்றூரில் பாட்டன் பாட்டி பிறந்த ஊர் வரை கேட்டு எழுதிய பிறகே ஊசியை எடுக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிலீற்றர் போதும். இரத்தம் உறையாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் உள்ள குழாயில் எடுக்க வேண்டும். உறைதலைத் தடுக்கும் இன்னொரு பொருளான ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுத்தால், பின்னர் மரபணுவைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை தடைபடும்.

உள்நாட்டு வேடர் ஊரான தம்பானையை மட்டும் வைத்து ‘இலங்கை வேடர்’ என்று எழுதக் கூடாது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரை, பனிச்சங்கேணிப் பக்கக் கரையோர வேடர் தமிழ் பேசுகிறார்கள். மொழி மாறியதால் மரபணு மாறிவிட்டது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்; அங்கும் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கு போகிறவர்கள் சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். முடிவு வந்ததும் அதே ஊருக்குத் திரும்பிப் போய் விளக்கட்டும்.

மரபணுவியல் துறை வாசகர்,
மட்டக்களப்பு