காட்டியதற்குப் புகார் உண்டு, மறைத்ததற்கு?

பொழுதுபோக்குச் சேனல்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் மன்றத்தினருக்கு, வணக்கம்.

போன வாரம் ராத்திரி எட்டரை மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். சீரியலில் மாமியார் மருமகளை அறைகிறார். அந்த ஒரே அறையை மூன்று பக்கத்திலிருந்து மூன்று தடவை, இடி இடிக்கிற சத்தத்தோடு காட்டினார்கள். என் பத்து வயது மகள் சோற்றைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அதே சேனலில் ஒரு பேச்சு நிகழ்ச்சி. மில்லில் வேலை பார்க்கும் ஒரு அக்கா, மாதவிடாய் நாளில் கழிப்பறைக்குப் போகவே சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியிருப்பதைச் சொல்ல ஆரம்பித்தார், உடனே ‘பீப்’. “அந்த அக்கா கெட்ட வார்த்தை பேசினாங்களாம்மா?” என்று மகள் கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

1994 கேபிள் டிவி விதிகளில் 6ஆம் விதி, நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் விரோதமானதை ஒளிபரப்பக் கூடாது என்கிறது. பெண்களை இழிவுபடுத்தக் கூடாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அந்த அறை எந்தக் கணக்கில் தப்பித்தது?

கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டான்ஸ் நிகழ்ச்சிகளில் சின்னப் பிள்ளைகளை வயதுக்கு ஒவ்வாத அசைவுகளோடு ஆட விடாதீர்கள் என்று 2019 ஜூனில் மத்திய அமைச்சகம் சேனல்களுக்குச் சொன்னபோது, ஒரு தாயாக எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணியம் என்ற பெயரில் ஒருவருடைய வாழ்க்கையையே மூடி மறைப்பது வேறு. திருநங்கை என்றாலே கேலி என்றிருந்த தமிழ் டிவியில் 2008இல் விஜய் டிவியில் ரோஸ் என்ற திருநங்கை தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்தினார், 2014இல் கோவை லோட்டஸ் நியூஸில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘அவர்’ என்று மரியாதையாகச் சொல்லப் பழகியது அப்போதுதான்.

அந்தக் கேபிள் டிவி விதிகளில் 2021இல் செய்த திருத்தத்தின்படி, புகார் வந்தால் சேனல் 24 மணி நேரத்தில் அது கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும், அதில் திருப்தி இல்லையென்றால் உங்களிடம் வரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் இதெல்லாம் காட்டியதற்கு மட்டும்தான், மறைத்ததற்குப் புகார் செய்ய எந்த விதியும் இல்லை. அதனால் எடிட்டிங்கில் உட்கார்ந்திருப்பவருக்குச் சந்தேகம் வந்தால் பீப் போட்டுவிடுவதுதான் பத்திரம். அந்தப் பயத்தை நீங்கள்தான் போக்க முடியும். உடம்பைப் பற்றியோ சாதியைப் பற்றியோ ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வது விதிமீறல் இல்லை என்று சேனல்களுக்குத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். ஒரு புகாரைத் தள்ளுபடி செய்தால், ஏன் தள்ளினோம் என்பதையும் வெளியிடுங்கள். தீர்மானிக்கிற இடத்தில் அந்த மில் அக்கா மாதிரி ஒருவரையும் உட்கார வையுங்கள்.

அறைந்த காட்சி பற்றிச் சேனலுக்குப் புகார் அனுப்பிவிட்டேன். பீப் பற்றிய புகாரை எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். அந்த அக்கா பேசியதை முழுதாக ஒளிபரப்பச் சொல்லுங்கள், என் மகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.