காலை 6.45 மணிக்கு வந்து புகையைப் பாருங்கள்: நான்காவது கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஏரிக்கரைத் தெரு குடியிருப்போர்,
அரிசி ஆலைக்குக் கீழ்புறம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்.

பொருள்: அரிசி ஆலைப் புகைக்கூண்டிலிருந்து வரும் கரும்புகையை அதிகாலையில் நேரில் பார்த்து அளவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரயில்வே கேட் தாண்டி மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆரணி, காங்கேயம் மாதிரி இதுவும் நெல்லை நம்பிப் பிழைக்கிற ஊர். எங்கள் தெருவிலேயே ஒன்பது பேர் அந்த ஆலைக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். ஆலையை மூடச் சொல்லி நாங்கள் என்றைக்கும் கேட்டதில்லை.

1. விடியற்காலை நாலரைக்கு பாய்லருக்கு அடுப்புப் போடுகிறார்கள். ஏழரை வரை புகை கறுப்பாக வருகிறது. வெயில் ஏறியதும் வெளுத்துவிடுகிறது.

2. சென்ற முறை ஆய்வுக்கு வந்த அலுவலர் வந்தது பகல் பதினொன்றரைக்கு. அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெறும் நீராவிதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நெல் வேகும் ஆவியும் வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆவி கொஞ்ச தூரத்திலேயே கரைந்து காணாமல் போகும். காலையில் வருகிற புகை ஏரியைத் தாண்டியும் கோடு இழுத்த மாதிரி நிற்கிறது.

3. என் மாமியாருக்கு 71 வயது. மாசி மாதம் வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை செய்தோம். ஒரு மாதம் கழித்து, வாசலில் கோலம் போட உட்கார்ந்தவர் "ஐயோ" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். நாங்கள் தடுப்பதற்குள் கசக்கிவிட்டார். மருத்துவர் பஞ்சுக் குச்சியால் எடுத்துக் காட்டினார்: கடுகில் பாதி கூட இல்லாத உமிக்கரித் துணுக்கு. கருவிழியில் கீறல் விழுந்திருந்தது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா ஐயா, கண்ணாடி செய்கிற அதே சரக்கு. கசக்கினால் அறுக்காமல் என்ன செய்யும்? இப்போது அவர் வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாற்பது வருஷமாகக் கோலம் போட்ட வாசலுக்கு வரப் பயப்படுகிறார். சைக்கிளில் போகும் பிள்ளைகள் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஆடிக் காற்றும் ஆரம்பித்துவிட்டது. மேற்கே கிளம்புகிற கரியெல்லாம் எங்கள் தலையில்தான்.

4. "கறுப்புக் கறுப்பு என்கிறீர்களே, அளந்து பார்த்தீர்களா?" என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அளந்தோம். புகையின் கறுப்பை ஒப்பிட்டு அளக்கிற ரிங்கல்மேன் அட்டையை, பிளஸ் டூ படிக்கும் என் மகள் தானே வரைந்தாள். பிரான்ஸ் நாட்டுப் பேராசிரியர் ரிங்கல்மேன் 1888-இல் கொண்டுவந்த முறை அது. வெள்ளை அட்டையில் 10 மில்லிமீட்டர் கட்டங்கள். கறுப்புக் கோட்டின் தடிமன் ஒன்றாம் எண்ணுக்கு 1 மி.மீ., இரண்டுக்கு 2.3, மூன்றுக்கு 3.7, நான்குக்கு 5.5. ஐந்து என்றால் முழுக் கறுப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் 20 சதவீதம் கறுப்பு என்று கணக்கு. 15 மீட்டர் தள்ளி நின்றால் கோடுகள் மறைந்து வெறும் சாம்பல் நிறமாகத் தெரியும். அதைப் புகையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆலை எங்களுக்கு மேற்கே இருப்பதால் காலையில் எங்கள் மொட்டை மாடியே அதற்குத் தோதான இடம். அமெரிக்காவில் 15 விநாடிக்கு ஒரு தடவை, ஆறு நிமிடத்தில் 24 தடவை பார்த்து எழுதுவார்களாம். அப்படியே எழுதினோம். 24-இல் 17 தடவை மூன்றும் அதற்கு மேலும். அதில் ஐந்து தடவை நான்கு. அங்கே ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேர்வு வைத்துத்தான் ஆளை அளக்க விடுகிறார்கள். நாங்கள் பயிற்சி இல்லாத பெண்கள். எங்கள் கணக்கை நம்ப வேண்டாம், நீங்கள் வந்து பாருங்கள் என்றுதானே கெஞ்சுகிறோம்!

5. ஈர உமியைத் திணிப்பதும், அடுப்புக்குக் காற்று போதாததும், சாம்பல் பிடிக்கும் சைக்ளோனைச் சுத்தம் செய்யாததும்தான் காரணம் என்று ஆலையில் வேலை செய்பவர்களே சொல்கிறார்கள். சரிசெய்யக்கூடிய கோளாறுதான்.

6. வெள்ளைக்காரன் காலத்தில், 1905-லேயே வங்காளத்தில் புகைத் தொல்லைக்குச் சட்டம் போட்டார்கள். நமக்கு 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது மூன்று மனு கொடுத்த மூன்று ரசீது மட்டும். ஒரு வரி பதில் கூட இல்லை. எத்தனை மனு கொடுத்தால் ஒருவர் காலையில் வருவார், ஐயா?

7. ஆலைக்கு முன்கூட்டித் தகவல் சொல்லாமல், ஏதாவது ஒரு நாள் காலை 6.45 மணிக்கு எங்கள் மாடிக்கு வாருங்கள். ஆறே நிமிடம் போதும். தாங்கள் வர முடியாவிட்டால் பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவரை அனுப்புங்கள். அட்டை கொடிக் கம்பத்தில் கட்டித்தான் இருக்கிறது. காலையில் வாருங்கள் ஐயா, பதினொன்றரைக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைத் தெருப் பெண்கள்

இணைப்பு: அளவெடுத்த நோட்டின் நகல், கண் மருத்துவர் சீட்டின் நகல், ரசீதுகள் மூன்று.